காய்ந்த குச்சி

குச்சி காய்ந்திருந்தது.

அவள் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். சந்தேகத்துக்குக் கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் கூட இல்லை. ஆனால் சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கிய நோட்டில், மை இன்னும் காயாமல், ‘மாலை – 34’ என்று எழுதியிருந்தது. எழுதியவள் அப்போதுதான் மாடிப்படி ஏறிப் போயிருந்தாள்.

விடுதியின் பின்பக்கம், தரைக்கு அடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. எண்பது பெண்கள் குளிப்பது, துவைப்பது, பல் தேய்ப்பது எல்லாம் அதை நம்பித்தான். மேலே இருக்கும் இரும்பு மூடியைத் தள்ளி, கோடு போட்ட மரக்குச்சியை அடிவரை விட்டு எடுக்க வேண்டும். எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் அளவு. அறுபது இன்ச் என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது. இருபதுக்குக் கீழே இறங்கினால் வார்டன் லாரிக்காரருக்கு போன் செய்வார். அவர் மறுநாள் காலையில் வந்து விளிம்புவரை நிரப்பி, நோட்டில் ‘60’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போவார்.

காலை ஐந்தரைக்கு அளப்பது இவள் வேலை. மூடியைத் தள்ளி, முட்டி போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, பாசியும் ஈரமுமாக எழுந்து வருவாள். அதனால் விடுதியில் இவளுக்கு ‘ஈரக்கை’ என்று பெயர் விழுந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு அளப்பது இஸ்திரி. அவளுடைய உடையில் ஒரு சுருக்கத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஈரக்கை மூடியைப் பார்த்தாள். காலையில் இவள் மூடிவிட்டுப் போனபோது மேலே விழுந்த பழுத்த இலை, அதே இடத்தில், அதே பக்கமாகப் படுத்திருந்தது.

"அடிப்பாவி, அளக்கவே இல்லையா?" என்று முணுமுணுத்தபடி மூடியைத் தள்ளித் தானே அளந்தாள்.

முப்பத்து நான்கு.

மறுபடி அளந்தாள். முப்பத்து நான்கேதான்.

அதற்கடுத்த நான்கு நாளும் இஸ்திரிக்குத் தெரியாமல் மாலையில் போய் அளந்தாள். ஒரு நாள் அரை இன்ச் வித்தியாசம், ஒரு நாள் ஒரு இன்ச். மற்ற இரண்டு நாளும் அச்சுப் பிசகவில்லை. இஸ்திரி ஆறு மணிவரை கட்டிலில் படுத்து, காலைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பாள். ஆறு அடிக்கும்போது இறங்கி வந்து நோட்டை எடுப்பாள். விட்டத்தைப் பார்ப்பாள். உதடு லேசாக அசையும். எழுதுவாள். போய்விடுவாள்.

"அவளுக்கு ஏதோ சக்தி இருக்குடி" என்றாள் ஈரக்கை, அறைத் தோழியிடம்.

அறைத் தோழியின் பெயர் கொட்டாவி. பேச ஆரம்பிக்கும் முன்பு ஒன்று விடுவாள், முடித்த பிறகு ஒன்று விடுவாள்.

"சக்தி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பத்து நிமிஷம் அதிகமாத் தூங்குறா. அதைச் சொல்லு."

"நான் தினமும் குழிக்குள்ள தலையை விட்டுட்டு வர்றேன். அவ தலையில எண்ணெய் கூடக் கலையல."

"அப்போ போய் வார்டன்கிட்ட சொல்லு."

"என்னன்னு சொல்றது? அளக்காமலே சரியா எழுதுறான்னா? வார்டன் அவளுக்குக் கை தட்டுவாங்க."

அதுவும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வார்டன் நோட்டை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"சாயங்காலப் பக்கத்தைப் பாருங்க. முத்து முத்தா இருக்கு. காலைப் பக்கத்தையும் பாருங்க. கோழி குளிச்சிட்டு வந்து நடந்த மாதிரி இருக்கு. ஒரு நோட்டை நனையாம வெச்சுக்கத் தெரியாதா?"

எண்பது பேரும் சிரித்தார்கள். இஸ்திரி மட்டும் சிரிக்காமல் அடக்கமாகத் தரையைப் பார்த்தாள். அந்த அடக்கம்தான் ஈரக்கைக்கு அதிகமாக எரிந்தது.

வார்டன் அதோடு விடவில்லை. "வர்ற வருஷம் மேல்மாடி ஹாலை மூடுறாங்க. ஆறு கட்டில் குறையுது. யாரை வெச்சுக்கிறது, யாரை அனுப்புறதுன்னு, கொடுத்த வேலையை யார் எப்படிச் செஞ்சாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். மாசக் கடைசியில லிஸ்ட் ஒட்டுவேன்" என்றார்.

மற்றவர்களுக்கு அது ஒரு கட்டில். ஈரக்கைக்கு அதுதான் வீடு. அப்பாவும் அம்மாவும் சாலை போடும் வேலையில் இருந்தார்கள். சாலை நீள நீள அவர்களுடைய கூடாரமும் நகர்ந்துகொண்டே போகும். இந்த மாதம் இருக்கும் இடத்தில் அடுத்த மாதம் இருக்க மாட்டார்கள். இந்தக் கட்டில் போனால் அவளும் அந்தக் கூடாரத்துக்குத்தான் போக வேண்டும். கூடாரம் நிற்கும் இடத்தில் எல்லாம் பள்ளிக்கூடம் நிற்காது.

அன்று அப்பா போன் செய்தபோது அவள் இஸ்திரியைப் பற்றிச் சொல்லித் தீர்த்தாள். அப்பா பொறுமையாகக் கேட்டார். பின்னால் ரோலர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"இங்கயும் ஒருத்தன் இருக்காம்மா. பூராப் பகலும் வண்டி நிழல்ல படுத்துக் கிடப்பான். சாயங்காலம் முதல் ஆளா வந்து கையெழுத்துப் போடுவான்."

"உங்களுக்கு எரிச்சலா இல்லையாப்பா?"

"மொதல்ல இருந்துச்சு. அவன் பாட்டுக்கு நல்லாத் தூங்குனான், எனக்குத்தான் தூக்கம் போச்சு. அவனைப் பாத்துப் பொறாமைப்படவும் வேணாம், அவனை மாதிரி ஆகவும் வேணாம்னு விட்டுட்டேன். நானும் போய் அவன் பக்கத்துல படுத்துட்டா ரோடு யாரு போடுறது?"

"சரிப்பா" என்றாள்.

மறுநாள் காலை அலாரம் அடித்தபோது குளிராக இருந்தது. போர்வைக்குள் கிடந்தபடியே ஈரக்கை யோசித்தாள். இரவில் எல்லோரும் தூங்குகிறார்கள். எழுந்து போய்வருகிறவர்களுக்கு ஆகும் தண்ணீர் எப்போதும் இரண்டு இன்ச்தான். ஆறு மாதமாக அளந்து அளந்து அது மனப்பாடம். இஸ்திரியின் மாலை எண்ணோ தவறுவதே இல்லை. நேற்று மாலை அவள் எழுதியது ஐம்பது. அப்படியானால் இன்று காலை நாற்பத்தெட்டு. இதற்கு எதற்குப் பாசியில் முட்டி போட வேண்டும்?

எழுந்து போய், சுத்தமான கையால், ‘காலை – 48’ என்று எழுதினாள். முத்து மாதிரியே வந்தது.

"நாப்பத்தெட்டா இன்னைக்கு?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் சமையல்கார அக்கா. அவருக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும்.

"ஆமாக்கா."

"சட்டை நனையவே இல்லையே."

"கையை மடிச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மாடி ஏறினாள். ஏதோ பெரிய திருட்டைச் செய்தது போல இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. திடீரென்று ஒன்று தோன்றியது. குச்சி காய்ந்திருக்குமே. வார்டன் காலையில் அந்தப் பக்கம்தான் நடப்பார். தொட்டுப் பார்த்தால்?

இஸ்திரியால் காய்ந்த குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிம்மதியாகப் போக முடிந்தது. இவளால் முடியவில்லை. இறங்கி ஓடினாள். குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்து வந்தாள். வாளி ஆழம் பன்னிரண்டு இன்ச்தான். குச்சி நாற்பத்தெட்டு வரை நனைய வேண்டும். மீதியைக் குவளையால் ஊற்றி, கோட்டைத் தாண்டி வழிந்த இடத்தைப் பாவாடை நுனியால் துடைத்து, சரியாக நாற்பத்தெட்டில் நிறுத்தினாள்.

அளப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அளக்காமல் இருப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆனாலும் பலன் இருந்தது. ஒரு வாரம் எல்லாம் அழகாக ஓடியது. லாரி சரியான நாளில் வந்தது. அடுத்த ஞாயிறு வார்டன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "காலைப் பக்கமும் இப்போ பாக்குற மாதிரி இருக்கு. சொன்னா கேட்டுக்கிறீங்க, சந்தோஷம்" என்றார். ஈரக்கையும் அடக்கமாகத் தரையைப் பார்த்தாள். எதிர்ப் பக்கம் இஸ்திரியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழைச்சுக்கிட்ட போ" என்றாள் கொட்டாவி.

பிறகு மூன்று நாள் விடுமுறை வந்தது. பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குளியலறை வாசலில் வரிசை இல்லை. குழாய்கள் சும்மா இருந்தன. நோட்டில் மட்டும் தண்ணீர் எப்போதும் போலக் குறைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை மாலை இஸ்திரி பதினாலு என்று எழுதினாள். வார்டன் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை காலை பெண்களும் திரும்பி வந்தார்கள், லாரியும் வந்தது.

லாரியின் குழாயை மாட்டிவிட்டு லாரிக்காரர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீ கூட முடியவில்லை. இரும்பு மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கீழிருந்து தண்ணீர் பொங்கி, முற்றம் முழுக்கப் பரவி, சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போனது. சமையல்கார அக்காவின் செருப்பு ஒன்று மிதந்து வெளியே வந்தது. வெங்காய மூட்டைக்கு அடியில் தண்ணீர் புகுந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே அக்கா வெளியே வந்தார்.

லாரிக்காரர் வால்வைத் திருகி மூடினார். "பாதி லோடு அப்படியே நிக்குது. தொட்டியில தண்ணியை வெச்சுக்கிட்டு எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க? வேற வேலை இல்லையா எனக்கு?"

வார்டன் நோட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "பதினாலுன்னு எழுதியிருக்கே" என்றார்.

இரண்டு பெண்களும் வரவழைக்கப்பட்டார்கள். முற்றத்தில் அத்தனை தண்ணீர் நின்றபோதும் ஈரக்கைக்கு எச்சில் ஊறவில்லை.

இஸ்திரி சாதாரணமாகச் சொன்னாள். "மூடி சரியில்லை மேடம். நேத்து ராத்திரி தூறல் போட்டுச்சு. மழைத் தண்ணி உள்ள இறங்கியிருக்கும்."

இருபது இன்ச் தண்ணீர் இறங்கும் அளவுக்கு மழை பெய்திருந்தால் விடுதியே மிதந்திருக்கும். வார்டனுக்கு அது தோன்றவில்லை. ஈரக்கையைப் பார்த்தார்.

"அப்படியா?"

ஈரக்கையின் தலை தானாக ஆடியது. "ஆமா மேடம். மூடி ரொம்ப மோசம் மேடம்."

அப்படிச் சொன்னதன் விளைவை அன்று மாலையே பார்த்தாள். வாட்ச்மேன் அண்ணன் மூடிக்கு மேல் ஒரு தகரத்தை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்து, ஓரமெல்லாம் தார் பூசிக்கொண்டிருந்தார். லாரித் தண்ணீர் இறங்குவதற்குப் பக்கத்தில் வளைந்த குழாய் ஒன்று இருந்தது. மற்றபடி ஒரு கொசு கூட உள்ளே போக முடியாது.

"அளக்குறதுக்கு?" என்று கேட்டாள்.

"அதை மறப்பேனா பாப்பா? நடுவுல ஓட்டை போட்டிருக்கேன் பாரு. குச்சி மட்டும் போற மாதிரி."

இரவு முழுக்க அவள் கணக்குப் போட்டாள். எங்கே தப்பு? இஸ்திரியின் எண் தப்பாகாது. அதை ஐந்து நாள் தானே அளந்து பார்த்திருக்கிறாள். அப்படியானால் தப்பு தன்னுடைய இரண்டில்தான். விடுமுறையில் இரவுக்கு இரண்டு இன்ச் ஆகியிருக்காது, தான் கழித்துக் கழித்து எழுதியதில்தான் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. எல்லாம் தன்னால் வந்த வினை. இஸ்திரி பாவம், நமக்கும் சேர்த்து மழையைச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள்.

புதன்கிழமை பழையபடி இரண்டைக் கழித்து நாற்பத்தெட்டு என்று எழுதினாள். ஆனால் அன்று விடுதியில் ஆள் கூடியிருந்தது. பந்தயத்துக்காக வேறொரு பள்ளியிலிருந்து முப்பது பெண்கள் முந்தின இரவே வந்து கீழ் ஹாலில் தங்கியிருந்தார்கள். காலையில் ஒரு தடவை குளித்தார்கள், மைதானத்திலிருந்து வந்து ஒரு தடவை குளித்தார்கள், பிறகு காலுறைகளைத் துவைத்தார்கள். குழாய்கள் நாள் முழுக்கச் சத்தம் போட்டன. மாலையில் நோட்டைப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

எப்போதும் போலப் பத்துதான் குறைந்திருக்கிறது. அவள் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். போதும், இன்று முதல் ஒழுங்காக அளப்பது என்று முடிவு செய்தாள். அந்த முடிவே அவளுக்குப் பாதி நிம்மதியைக் கொடுத்தது. குச்சியைத் தூக்கிக்கொண்டு போய், தகரத்து ஓட்டையில் வைத்து அழுத்தினாள்.

குச்சி உள்ளே போகவில்லை.

திருப்பி வைத்து அழுத்தினாள். சாய்த்து அழுத்தினாள். வாட்ச்மேன் அண்ணன் தன் கட்டை விரலை வைத்து ஓட்டையை அளந்திருக்கிறார். குச்சி அதைவிடத் தடிமன்.

போய்ச் சொல்லலாம். ‘அண்ணே, ஓட்டை சின்னதா இருக்கு.’ உடனே அவர் கேட்பார்: ‘நேத்து காலையில எப்படிப் பாப்பா அளந்த?’

அவள் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தாள். குச்சியை ஓரம் ஓரமாகச் சீவினாள். சீவச் சீவ அளவுக் கோடுகளும் கூடவே சீவிக்கொண்டு போயின. பேனாவால் மறுபடி போட்டாள். ஓட்டையில் விட்டாள். இந்த முறை பாதிவரை போனது. அங்கே நின்றுகொண்டது. இழுத்தாள், வரவில்லை. இரண்டு காலையும் தகரத்தில் ஊன்றி முழு பலத்தோடு இழுத்தாள்.

படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குச்சியின் மேல் பாதி கையோடு வந்தது. கீழ்ப் பாதி தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீரில் விழும் சத்தம் வர வெகுநேரம் ஆனது போல அவளுக்குத் தோன்றியது.

கையில் இருந்த குச்சி முப்பத்தொன்றில் ஆரம்பித்து அறுபதில் முடிந்தது. அதைக் கொண்டுபோய் வழக்கமான மூலையில் சாய்த்து வைத்தாள். செங்கல்களை அடுக்கி மேலே நிறுத்தியதும் உயரம் குறைந்தது அவ்வளவாகத் தெரியவில்லை. நோட்டில் ‘காலை – 36’ என்று எழுதினாள். இந்த முறை எழுத்து முத்தாக வரவில்லை.

பகல் முழுக்க வகுப்பில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் இஸ்திரி குச்சியைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஆறு மணிக்குச் சமையலறைக்குள் ஒளிந்து நின்று பார்த்தாள். இஸ்திரி வந்தாள். விட்டத்தைப் பார்த்தாள். ‘மாலை – 26’ என்று எழுதினாள். போய்விட்டாள். மூலைப் பக்கம் தலையைக் கூடத் திருப்பவில்லை.

"அவளுக்குக் குச்சியே வேணாம்டி" என்று கொட்டாவியிடம் போய்ச் சொன்னாள். பயத்தையும் மீறி அவள் குரலில் மரியாதை இருந்தது.

கொட்டாவி பதில் சொல்வதற்குள் கீழே கூச்சல் கேட்டது.

பந்தயம் முடிந்து முப்பது பெண்களும் சேறும் சகதியுமாகக் குளியலறைக்குள் போயிருந்தார்கள். சோப்பு போட்டாகிவிட்டது. குழாய் ஒரு முறை இருமியது. பிறகு காற்று மட்டும் வந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து ஒவ்வொரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. கடைசியாகத் திறந்தது வார்டனின் குளியலறைக் கதவு. தலையில் நுரையும் தோளில் துண்டுமாக அவர் வெளியே வந்தார். ஒரு கண்ணைத்தான் அவரால் திறக்க முடிந்தது.

"நோட்டை எடுத்துட்டு வாங்க."

அக்கா ஆணியிலிருந்து நோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார்.

"இருபத்தாறு இன்ச் இருக்கு. அப்போ தண்ணி இருக்கு. மோட்டார்தான் போச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

மெக்கானிக் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். வந்தவர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "தண்ணி இருக்குன்னா கோளாறு உள்ளதான்" என்று சொல்லிவிட்டுக் கழற்ற ஆரம்பித்தார். நுரைத் தலைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. திருகாணி, வளையம், பட்டை, பெயர் தெரியாத பதினெட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகச் சாக்கில் வரிசை கட்டின.

ஈரக்கை தூணுக்குப் பின்னால் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் ஒரு திருகாணி கழலட்டும் என்று நினைத்தாள். பத்துத் திருகாணி கழன்றன. மாசக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

மெக்கானிக் நிமிர்ந்தார். "தண்ணி இல்லாம ஓட்டியிருக்காங்க மேடம். உள்ள சுட்டுக் கிடக்கு. ஓட விட்டுட்டு யாரோ கவனிக்கல."

வார்டனின் திறந்த கண் வாட்ச்மேனிடம் திரும்பியது. "மோட்டார் போடுறது நீங்கதானே?"

"நான் எப்பவும் போலத்தான் போட்டேன் மேடம். நோட்டுல தண்ணி இருக்குன்னு…"

"இருபத்தாறு இன்ச் தண்ணி இருக்கும்போது எப்படி மோட்டார் சுடும்? தூங்கிட்டீங்களா? நாளையிலிருந்து நீங்க வேலைக்கு…"

"தண்ணி இல்ல மேடம்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல்தான் என்று ஈரக்கைக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. தூணை விட்டு வெளியே வந்தாள்.

"தொட்டியில தண்ணி இருக்காது மேடம். அண்ணன் மேல தப்பு இல்ல. நான் அளக்கல."

"இன்னைக்கா?"

"ரெண்டு வாரமா."

முற்றத்தில் நுரை வெடிக்கும் சத்தம் கூடக் கேட்டது. அவள் மூலைக்குப் போய், செங்கல் மேலிருந்த அரைக் குச்சியை எடுத்து வந்து வார்டன் கையில் கொடுத்தாள். மீதி தொட்டிக்குள் இருப்பதைச் சொன்னாள். ஓட்டையைச் சொன்னாள், கத்தியைச் சொன்னாள், வாளியும் குவளையும் வைத்துக் குச்சியை நனைத்ததைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. தகரத்தைப் பெயர்த்துப் பார்த்த வாட்ச்மேன் அண்ணன், "அடி தெரியுது மேடம்" என்று மட்டும் சொன்னார்.

வார்டன் துண்டால் மற்றக் கண்ணையும் துடைத்துத் திறந்தார். இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார்.

"அளக்காம எப்படி எழுதின?"

"முந்தின நாள் சாயங்கால நம்பர்ல ரெண்டைக் கழிச்சு எழுதினேன் மேடம்."

"ஏன்?"

"குளிரா இருந்துச்சு." பிறகு நிஜத்தையும் சொன்னாள். "நோட்டு நனையாம இருந்தா என்னை அனுப்ப மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

நுரை ஒன்று வார்டனின் காதோரம் வழிந்து கழுத்துக்குள் போனது.

"லாரி வந்தாலும் மோட்டார் சாக்குல கிடக்கு. இன்னைக்கு மேல்மாடி வரைக்கும் வாளியிலதான் தண்ணி ஏறணும். முதல் வாளி நீ தூக்குற."

"சரி மேடம்."

"நாளையிலிருந்து காலையும் நீதான் அளக்கணும், சாயங்காலமும் நீதான் அளக்கணும். நோட்டு நனைஞ்சா நனையட்டும். ஒரு வருஷத்துக்கு இதான் உனக்குத் தண்டனை."

"சரி மேடம்" என்றாள். இரண்டு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. நின்றாள். "ஒரு வருஷமா மேடம்?"

"ஏன், கம்மியா இருக்கா?"

"இல்ல மேடம். ஒரு வருஷம் அளக்கணும்னா… நான் இங்கதானே இருக்கணும்?"

"வேற எங்க இருந்து அளப்ப?" என்றார் வார்டன்.

இப்போதுதான் அழுகை வந்தது. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். கை பழைய மாதிரி ஈரமாயிற்று.

வார்டன் அரைக் குச்சியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "சாயங்காலம் அளக்குறவ எங்க?"

கூட்டம் விலகி இஸ்திரிக்கு வழிவிட்டது. அந்தக் கலவரத்திலும் அவள் உடையில் ஒரு மடிப்பு கலையவில்லை.

"இன்னைக்கு ஆறு மணிக்கு இருபத்தாறுன்னு எழுதியிருக்க. இந்தக் குச்சி முப்பத்தொண்ணுலதானே ஆரம்பிக்குது?"

இஸ்திரி ஒரு விநாடிதான் திணறினாள். "எனக்குக் கண்ணாலயே தெரிஞ்சுடும் மேடம். பழக்கம்."

"தகரம் அடிச்ச தொட்டிக்குள்ளயா?"

ஈரக்கைக்கு மனசு கேட்கவில்லை. தன் தப்புக்கு இன்னொருத்தி மாட்டிக்கொள்வதா? தவிர, ஒரு திறமையைத் திறமை என்று சொல்லத்தானே வேண்டும்.

"அவ நிஜமாத்தான் சொல்றா மேடம். அவளுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கு. நானே அஞ்சு நாள் அளந்து பாத்தேன். அவ நம்பர் தப்பவே தப்பாது."

இஸ்திரி முதல் தடவையாக நிஜமாகத் தரையைப் பார்த்தாள்.

இத்தனை நேரம் ஓரமாக நின்றிருந்த சமையல்கார அக்கா, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்கு எழுத்து தெரியாது மேடம், அதனால கேக்குறேன். இந்தச் சாயங்காலப் பொண்ணு தினமும் என் கண்ணு முன்னாலதான் காலை நம்பர்ல பத்தைக் கழிச்சு எழுதுது, காலைப் பொண்ணு சாயங்கால நம்பர்ல ரெண்டைக் கழிச்சு எழுதுனேங்குது, அப்போ இந்த ரெண்டு வாரமா தண்ணியைப் பாத்தது யாரு?"